மனம் திறந்து: சோற்றுக் கோப்பைக்கு முன்னால் ஒரு பயம்



கிளிநொச்சிப் பக்கத்துத் தாய் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். மகளுக்கு 16 வயது. உடம்பு வைத்துவிடும் என்று சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, இப்போது அரைக் கோப்பைச் சோற்றையும் ஒதுக்கிவிடுகிறாள். மாதவிடாய் நின்று 4 மாதமாம்.

"2009இல இவள் கைக்குழந்தை. கஞ்சிக்கு வரிசையில நிண்டனான். இப்ப சட்டி நிறையச் சோறு இருக்கு, பிள்ளை வேண்டாமெண்டுறாள். இரவில எழும்பி மூச்சு வருதோ எண்டு பாக்கிறன்" என்றார்.

அவரிடம் இருப்பது இரண்டு பயம். இன்றைய பயம் நியாயமானது. இந்த நோய் உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றது முள்ளிவாய்க்காலிலிருந்து கூட வந்த பயம். அதுதான் எங்களைக் கெஞ்சவும் ஏசவும் வைக்கிறது. "நாங்கள் பட்ட பாடு தெரியுமோ" என்றால் பிள்ளைக்குப் பசி வராது, குற்ற உணர்வுதான் வரும்.

இது பிள்ளையின் திமிரும் அல்ல. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திடகாத்திரமான 36 ஆண்களுக்கு ஏறத்தாழ 6 மாதம் உணவைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று வந்தது. பட்டினி மனதையும் மாற்றிவிடும்.

ஆகவே இன்றைய பயத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நிறையும் நாடியும் இரத்தமும் பார்ப்பது வைத்தியரின் வேலை. உளநலப் பிரிவுக்கும் அவர் அனுப்புவார். பிள்ளை மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், குந்தியிருந்து கை ஊன்றாமல் எழும்ப முடியாவிட்டால், தண்ணீரையும் மறுத்தால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். பல நாள் சாப்பிடாத பிள்ளைக்குத் திடீரென்று நிறையத் தீத்தவும் கூடாது. அதுவும் ஆபத்து. எவ்வளவு கொடுப்பது என்று வைத்தியரே சொல்லட்டும்.

வீட்டில் சாப்பாட்டு நேரத்தை நீங்களே தீர்மானியுங்கள். பக்கத்தில் இருங்கள். "இதைச் சாப்பிட வேணும் பிள்ளை" என்று ஒருதரம் உறுதியாகச் சொல்லிவிட்டு, வேறு கதை கதையுங்கள். சொல்வது லேசு, எனக்குத் தெரியும்.

பழைய பயத்துக்கு வேறு காது வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். ஆளில்லாவிட்டால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

அந்தத் தாயின் வீட்டுக்கு இப்போது பின்னேரங்களில் பெரியம்மா வருகிறார். இராச்சாப்பாட்டுக்குப் பிள்ளையோடு இருப்பது அவர். தாய் அந்த நேரம் கிணற்றடியில் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறார்.