கதவு பட்டால் நின்று பேசுவோம்



கண்டியில் வாகனம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். கொட்டுகொடெல்ல வீதியிலோ கட்டுகலையிலோ காரை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய் வந்தால், பின்கதவில் ஒரு நெளிவு. நடுவில் வேறொரு காரின் நிறம் ஒட்டியிருக்கும். பக்கத்தில் நின்ற வாகனம் போய்விட்டது. ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்கவில்லை.

"சின்ன விஷயம்தானே, இன்ஷூரன்ஸ் இருக்குத்தானே" என்று நம்மில் பலர் சொல்கிறோம். இந்தப் பேச்சில்தான் நமக்கு உடன்பாடு இல்லை. கதவு பட்டால் நிற்க வேண்டும், சேதத்தை ஏற்க வேண்டும். சின்னச் செலவென்றால் இருவரும் பேசி முடிக்க வேண்டும். பெரிய செலவென்றால் மட்டும் இன்ஷூரன்ஸுக்குப் போக வேண்டும். நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்.

முதலில் செலவைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபாவும் விழுந்தது. நம் ஊரில் ஓடும் பழைய கார்களின் விலை ஏறியது, உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. லீசிங் கட்டி ஒரு சின்னக் காரை ஓட்டும் ஆசிரியருக்கோ கடைச் சிப்பந்திக்கோ ஒரு கதவு நெளிவு என்பது அந்த மாதக் கணக்கையே புரட்டிவிடும்.

எல்லா நெளிவும் ஒன்றல்ல. பெயின்ட் வெடிக்காமல் தகடு மட்டும் உள்ளே போயிருந்தால், உட்பக்கமிருந்து கம்பியால் மெல்ல மெல்லத் தள்ளி எடுத்துவிடலாம். பெயின்ட் அடிக்கத் தேவையில்லை, செலவும் குறைவு. பெயின்ட் வெடித்திருந்தால், அல்லது கதவின் விளிம்பு மடங்கியிருந்தால், டிங்கரிங் செய்து, பூசி, தேய்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். பழைய பெயின்டோடு நிறம் சேருவதும் லேசான வேலையில்லை. ஆகவே ஒரே கராஜில் கேட்டுவிட்டு முடிவெடுக்காமல் இரண்டு மூன்று பாஸ்மாரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

இனி இன்ஷூரன்ஸ் கணக்கு. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போடுவது போலப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்கு மட்டும்தான்.

வருடத் தவணைப்பணம் 100,000 ரூபா என்று வைப்போம். பல வருடம் கோரிக்கை ஒன்றும் வைக்காததால் 40 வீதம் நோ க்ளெய்ம் போனஸ் கிடைக்கிறது. நாம் கட்டுவது 60,000. இப்போது 15,000 ரூபா நெளிவுக்குக் கோரிக்கை வைக்கிறோம். நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை 5,000 என்றால் கைக்கு வருவது 10,000. அடுத்த வருடம் போனஸ் 20 வீதமாக இறங்கினால் நாம் கட்டுவது 80,000. பத்தாயிரம் வாங்கப் போய் இருபதாயிரம் கொடுத்திருக்கிறோம். பழைய போனஸுக்கு ஏறும்வரை அடுத்தடுத்த வருடங்களிலும் இந்த நட்டம் தொடரும்.

கம்பனிக்குக் கம்பனி விதி மாறும். அதனால்தான் கோரிக்கை வைக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு? போனஸ் எவ்வளவு இறங்கும்? விடை கிடைத்த பிறகு முடிவெடுக்கலாம். பெரிய சேதமென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. வாகனத்தை அசைக்காமல் அந்த இடத்திலிருந்தே கம்பனிக்கு அழைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். ஆனால் அது மட்டும் இருந்தால் நம் சொந்தக் கதவுக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் பத்திரத்தில் உள்ள பெறுமதியைப் பார்க்க வேண்டும். சந்தை விலை ஏறிய பிறகும் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தால், "குறைவாகக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள்" என்று அந்த விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்க இடமுண்டு. நியாயமான கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முறையிடக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

கராஜுக்குப் போனதும் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "இன்ஷூரன்ஸ் ஜொப்பா?" ஆம் என்றால் ஒரு விலை, இல்லை என்றால் வேறு விலை. பழைய கீறல்களையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம் என்று யோசனையும் வரும். யாரோ தெரியாதவர் அடித்துவிட்டுப் போனதாக எழுதச் சொல்வோரும் உண்டு. கம்பனிக் காசுதானே என்கிறார்கள். அது கம்பனிக் காசு அல்ல, தவணை கட்டும் எல்லோருடைய காசு. பிறர் ஹக் என்று நாம் மேடையில் பேசுவது இதற்கும் பொருந்தும்.

அடிபட்டவர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. நெளிந்தது ஒரு கதவு என்றால் அந்தக் கதவுக்குத்தான் கேட்க வேண்டும். முழுக் காருக்கும் பெயின்ட் அடிக்கும் ஆசையை மற்றவர் தலையில் கட்டக் கூடாது. நின்று ஒப்புக்கொண்டவரைக் கசக்கிப் பிழிந்தால், அடுத்த முறை அவர் நிற்க மாட்டார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிற்க மாட்டார்கள்.

கண்டியில் வாழும் நாம் வீதியில் பேசும் பேச்சுக்கு இன்னொரு கனமும் உண்டு. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் நடந்தது ஒரு வீதித் தகராறு. லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். முஸ்லிம் இளைஞர்கள் கைதானார்கள். மார்ச் 3ஆம் திகதி அவர் இறந்தார். அடுத்த நாட்களில் திகனையிலும் அக்குறணையிலும் என்ன நடந்தது என்று இதை வாசிக்கும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அந்த வன்முறைக்குப் பொறுப்பு அதைச் செய்தவர்களும் தூண்டியவர்களும்தான். ஒரு தகராறைச் சாட்டி ஒரு சமூகத்தின் வீடுகளை எரிப்பதற்கு நியாயமே கிடையாது. ஆனால் வீதியில் தணிந்திருக்க வேண்டிய ஒரு கோபத்தால் ஒரு குடும்பம் தன் மனிதரை இழந்ததும் உண்மை. "சமாவென்ன" என்று சொல்ல நம் எல்லோருக்கும் தெரியும். கதவு பட்ட இடத்தில் முதலில் அதைச் சொல்வோம். நம்மை ஒருவர் இடித்தாலும் குரலை உயர்த்தாமல் பேசுவோம்.

பேசி முடித்தால் எழுதியும் வைக்க வேண்டும். திகதி, இரு வாகனங்களின் இலக்கம், எந்த இடத்தில் என்ன சேதம், எவ்வளவு கொடுக்கப்பட்டது, இத்துடன் விஷயம் முடிந்தது என்று ஒரு வரி, இருவரின் கையொப்பம். கூடவே போனில் இரண்டு படம். பேச்சு சரிவராவிட்டால் பொலிஸ் இருக்கிறது, மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் இப்படியான சிறு தகராறுகளைச் சமாதானமாக முடிக்கத்தான் இருக்கின்றன.

நெளிவு வராமல் பார்ப்பது எல்லாவற்றையும் விட மலிவு. நம் ஊர் மலையூர். இறக்கத்தைப் பார்த்து நிறுத்திய காரின் கதவு, பூட்டைத் திறந்ததும் தன் பாரத்திலேயே விரிந்துவிடும். சின்னப் பிள்ளையின் கையால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே பாடசாலை வாசலில் பெரியவர்கள் இறங்கி வந்து கதவைப் பிடிக்க வேண்டும். சாரதி தன் வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகினால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் வருவதைப் பார்க்கும். ஜும்ஆவுக்குப் பிந்திவிட்டோம் என்று இரண்டு கார்களுக்கு நடுவில் நுழைப்பதை விட, தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாம்.

டாஷ்போர்டில் ஒரு பேனையும் நாலு கொப்பித் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால், பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைப்பருக்கு அடியில் வைத்துவிட்டுப் போங்கள். பின்சீட்டில் இருக்கும் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் வகுப்பில் நேர்மை பற்றி நாற்பது நிமிடம் பேசுவதை விட அந்த ஒரு தாள் அதிகம் படிப்பிக்கும்.