கடிதம் போதாது, கட்டளை வேண்டும்!

2025 நவம்பர் 4, மாலை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் விமான நிலையத்திலிருந்து ஹொனலூலுவுக்குக் கிளம்பியது, யு.பி.எஸ். நிறுவனத்தின் எம்.டி.11 சரக்கு விமானம். அது மேலெழும்பத் தொடங்கிய நேரத்தில் இடது இறக்கையின் இன்ஜின், அதைத் தாங்கிப் பிடிக்கும் பைலானோடு பிய்ந்து விழுந்தது. இறக்கையில் தீ மூண்டது. அபாய மணி ஓயாமல் அடிக்க, விமானிகள் மூவரும் 25 நொடிகள் போராடிப் பார்த்தார்கள். 30 அடி உயரத்துக்குமேல் விமானம் எழும்பவில்லை. சுமார் 1.4 லட்சம் லிட்டர் எரிபொருளோடு நிலையத்தின் வேலியைத் தாண்டி, தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதியில் விழுந்து வெடித்தது.

விமானிகள் மூவரோடு, தரையில் இருந்த 12 பேரும் மாண்டார்கள். அந்த விமானத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்களில் ஒரு பிஞ்சுக் குழந்தையும் உண்டு.

பைலானை இறக்கையோடு பிணைக்கும் பின்பக்கப் பாகத்தில், உலோகச் சோர்வால் உண்டான விரிசல்கள் இருந்ததை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்திருக்கிறது. 1991-ல் பயணிகள் விமானமாகப் பறக்கத் தொடங்கி, 2006-ல் சரக்கு ஏற்றுவதற்காக மாற்றப்பட்ட விமானம் அது. அந்தப் பாகத்தை நுணுக்கமாகப் பரிசோதிக்க வேண்டிய கெடு, 28 ஆயிரம் பறப்புகளுக்கும் அப்பால் வைக்கப்பட்டிருந்தது. விமானம் முடித்திருந்ததோ சுமார் 21 ஆயிரம்தான். விதிப்படி எந்தக் குறையும் இல்லை. உலோகம்தான் அந்தக் கெடுவரை தாங்கவில்லை.

இதைவிட வேதனையான செய்தி, 2026 ஜனவரியில் வாரியம் வெளியிட்ட தகவலில் இருக்கிறது. அதே பிணைப்பிலுள்ள பேரிங்கின் வளையம், வேறு மூன்று விமானங்களில் நான்கு முறை உடைந்திருப்பதை, எம்.டி.11 ரகத்துக்குப் பொறுப்பான போயிங் நிறுவனம் 2011-லேயே அறிந்திருக்கிறது. விமான நிறுவனங்களுக்குக் கடிதமும் எழுதியிருக்கிறது. ஆனால், பறக்கும்போது இதனால் ஆபத்து நேராது என்பதே அந்தக் கடிதத்தின் முடிவு. பாகத்தைப் பார்த்துச் சோதிக்கும்படி சொன்னதும் வெறும் பரிந்துரைதான்.

இன்ஜின் கழன்றால் என்ன நேரும் என்பது விமானத் துறைக்குப் புதிய பாடமல்ல. எம்.டி.11-க்கு முன்னோடியான டி.சி.10 ரகத்தில், தவறான பராமரிப்பு முறையால் பைலான் சேதமடைந்து, 1979 மே 25 அன்று சிகாகோவில் இன்ஜின் கழன்று விழுந்தது. 273 பேர் இறந்தார்கள். 1991 டிசம்பரில், தைவானில் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று இரண்டு இன்ஜின்களை இழந்து விழுந்தது. ஊழியர்கள் ஐவரும் பலி. பத்து மாதங்கள்கூட முடிவதற்குள் அதே ரக விமானம், அதே விதமாக இரண்டு இன்ஜின்களை இழந்து, ஆம்ஸ்டர்டாமின் அடுக்குமாடிக் குடியிருப்புமீது விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 39 பேர் தரையில் இருந்தவர்கள்.

'சரக்கு விமானம்தானே' என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த 39 பேரும் லூயிவிலின் 12 பேருமே சாட்சி. பயணிகள் விமானத்தின் விமானிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஓய்வு விதிகள், 2014-ல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தபோது சரக்கு விமானிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. களைத்த விமானி ஓட்டினாலும், களைத்த உலோகம் உடைந்தாலும், விமானம் விழுவது மனிதர்கள்மீதுதான்.

விபத்து நடந்த நான்காவது நாளே, எம்.டி.11 விமானங்கள் பறக்கக் கூடாது என உத்தரவிட்டது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். தன்னிடமிருந்த எம்.டி.11 விமானங்கள் அனைத்துக்கும் ஓய்வு கொடுப்பதாக யு.பி.எஸ். அறிவித்துவிட்டது. நான்கு நாளில் வரக்கூடிய உத்தரவு, பதினான்கு ஆண்டுகளாக வராமல் போனது ஏன்? இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் கிடைத்தாக வேண்டும்.

இன்ஜினைத் தாங்கும் பாகம் ஒன்று மீண்டும் மீண்டும் உடைகிறது என்று தெரிந்தால், அது ஆபத்தா இல்லையா என்று முடிவுசெய்யும் பொறுப்பைத் தயாரித்தவரிடம் மட்டுமே விட்டுவிடக் கூடாது. கண்காணிக்கும் அரசு அமைப்பு அதைத் தானே ஆராய வேண்டும். கெடு விதித்து, பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். முதுமையடைந்த விமானங்களுக்கான பரிசோதனைக் கெடுக்களை, இந்த விரிசல்கள் சொல்லும் பாடத்தை வைத்துத் திருத்த வேண்டும். இதற்கு ஆகும் செலவைச் சரக்குக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மனித உயிரால் அதை ஈடுகட்ட எவருக்கும் உரிமையில்லை!