அளவு நாடாவும் ஒரு செல்வமே

கட்டடக் கலை பயிலும் நம் பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் பெங்களூரில் புது மாளிகை எழுப்பும் தொழிலையே நாடுகின்றனர். பழங் கட்டடங்களைப் பேணுவதும் ஒரு தொழிற்கல்வியே. உலக நாடுகள் அதற்குப் பயிற்சி அளிக்கின்றன.

1956-இல் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாடே இதற்கென ஓர் அனைத்துலக மையம் வேண்டுமென முடிவு செய்தது. அம்மையம் 1959-இல் ரோம் நகரில் பணி தொடங்கியது. 'இக்ரோம்' என்பது அதன் பெயர். அமெரிக்க 'இகோமாஸ்' குழு 1984-இல் தொடங்கிய பரிமாற்றத் திட்டத்தின் வழியே பல நாட்டு இளைஞர்கள் கோடையில் அங்குச் சென்று தொழில் பழகினர்.

அவர்களுள் பலருக்குக் கிடைத்த வேலை எளியதாகத் தோன்றும். ஆனால் பொறுமை கோருவது. சுவர், கதவு, படி, கூரை ஒவ்வொன்றையும் நாடாவால் அளந்து, தரைப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம் வரைய வேண்டும். நிழற்படம் எடுத்து, வரலாற்றையும் எழுதிச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் 1933 முதல் இம்முறையில் கட்டடங்கள் பதிவாகின்றன. பாலம், ஆலை, சுரங்கம் ஆகியவற்றுக்கென 1969-இல் தனிப் பிரிவும் ஏற்பட்டது. இடிந்தபின்னும் கட்டடம் தாளில் வாழ்கிறது.

சுரங்கமும் பதிவுக்கு உரியதென்றால், நம் தங்கவயல் எதில் குறைந்தது? 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. துரைமார் பங்களாக்களையேனும் வருவோர் படம் பிடித்துச் செல்வர். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த நம் முன்னோர் குடியிருந்த லைன் வீடுகளை வரைவோர் யார்? ஒரு கூரை சரிந்தால், அவ்வீட்டில் எத்தனை பேர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றும் உடன் சரிகிறது.

அயலார் வந்து சுவரை அளக்கலாம். அடுப்பங்கரை எப்போது நீட்டப்பட்டது, திண்ணையில் யார் அமர்ந்தனர் என்பதை நம் பாட்டிமார்களே அறிவர். அவர்களிடம் கேட்டெழுத நம் பிள்ளைகளே தகுந்தவர்கள்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, வீட்டாரின் இசைவு பெற்று ஒரு லைன் வீட்டை முழுமையாக அளந்து வரையுங்கள். மூடிய சுரங்க எல்லைக்குள் மட்டும் நுழையாதீர்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, நீங்களே வரைந்த அப்படம் உங்களுக்காகப் பேசும். அழைப்பு வராவிடினும் இழப்பில்லை. நம் குடும்பங்கள் வாழ்ந்த வீடு ஒன்று தாளிலேனும் நம்மிடம் நிலைத்திருக்கும்.