மிச்ச ரத்தம் யாருடையது?

நம் வயதுக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் கை நீட்டுகிறவர்கள். சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் என்று இரண்டு மூன்று டியூபில் ரத்தம் எடுக்கிறார்கள். சோதனைக்கு அதில் கொஞ்சம் போதும். மீதி என்ன ஆகிறது? பெரும்பாலும் கிருமி நீக்கிக் கழிவாகப் போகிறது. ஆராய்ச்சியும் நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் சில சமயம் குளிர்பெட்டிக்குப் போய் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது.

தாராளமாகப் பயன்படட்டும். 1960-இல் காங்கோவின் லியோபோல்ட்வில் நகரில் (இன்றைய கின்ஷாசா) ஒரு பெண்ணின் நெறிக்கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டு மெழுகில் பதிந்து கிடந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதில் எச்.ஐ.வி. கிருமியின் மரபுக்கூறுகளைக் கண்டார்கள். அந்தக் கிருமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மனிதரிடம் பரவத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கணிக்க 2008-இல் வெளியான அந்த ஆய்வு உதவியது. அந்தத் துண்டைக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கு லாபம்?

ஆகவே எடுத்து வைப்பதை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமல் எடுத்து வைப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

"எப்படியும் கொட்டப் போவதுதானே, இதற்கு எதற்குக் கேட்க வேண்டும்?" என்பார்கள். தையல்காரரிடம் சட்டைத் துணி கொடுத்தால் மிச்சத்தைச் சுருட்டிக் கையில் கொடுப்பார். தனக்கு வேண்டுமென்றால், "இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். துணிக்கு உள்ள மரியாதை ரத்தத்துக்கு வேண்டாமா?

"பெயரை நீக்கிவிடுகிறோமே" என்பார்கள். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே திசு எடுத்தார்கள். அந்த உயிரணுக்கள் 'ஹீலா' என்ற பெயரில் உலகமெங்கும் போயின. அந்தப் பெண்ணுக்கு 'ஹெலன் லேன்' என்று ஒரு பொய்ப்பெயரும் உலவியது. குடும்பத்துக்கு விஷயம் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2013-இல் அந்த உயிரணுக்களின் மரபணு வரிசையையே, மறுபடியும் குடும்பத்தைக் கேட்காமல், வெளியிட்டார்கள். டியூபில் ஒட்டிய பெயரைக் கிழித்துவிடலாம். ஆனால் உள்ளே இருப்பது நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொந்தமான சங்கதி.

"எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி நடக்குமா?" என்பது கடைசிக் கேள்வி. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் சாட்சி. பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பொட்டுகள், நோய்ச் சோதனை முடிந்த பிறகும் அட்டைகளில் பத்திரமாக இருந்தன. பெற்றோருக்குத் தெரியாமலே ஆராய்ச்சிக்கும் போயின. 2009-இல் பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். முடிவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அழிக்க வேண்டியதாயிற்று. ஒரு வார்த்தை சொல்லச் சோம்பல்பட்டதால் எத்தனை வருஷத்துச் சேகரிப்பு போயிற்று!

இதற்கு வழி இல்லாமலில்லை. நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். அதனால் அந்த நாட்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க முடிகிறது. மனித உடலும் அதன் பாகங்களும் யாருக்கும் சொத்தாக முடியாது என்கிறது அவர்களுடைய சிவில் சட்டத்தின் 16-1ஆம் பிரிவு. ஆகவே 'என் ரத்தத்துக்குப் பணம் கொடு' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு காரியத்துக்கு எடுத்ததை வேறு மருத்துவ, விஞ்ஞானக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம்; ஆனால் முன்கூட்டியே அந்த நபருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுத்தால் விட்டுவிட வேண்டும் என்கிறது பொதுச் சுகாதாரச் சட்டம். இதில் என்ன கஷ்டம்?

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அடையாளம் நீக்கிய மாதிரிகளில் ஆய்வு செய்ய ஒப்புதல் பெறுவதிலிருந்து நெறிமுறைக் குழு விலக்கு அளிக்கலாம். சரி, விலக்கு அளிக்கட்டும். ஒப்புதல் வேண்டாம் என்பதைத் தகவலே வேண்டாம் என்று யாரும் படித்துவிடக் கூடாது.

அட்மிஷன் பாரத்தின் பத்தாவது பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டு, வலியில் துடிக்கிறவரிடம் கையெழுத்து வாங்குவதைத் தகவல் சொன்னதாக நான் ஏற்க மாட்டேன். வருஷக்கணக்கில் அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிய குமாஸ்தா நான். படிக்காமல் போட்ட கையெழுத்தின் மதிப்பு எனக்குத் தெரியும்.

நான் கேட்பது சிறிய காரியம். ரத்தம் எடுக்கும் இடத்தில் தமிழில் ஒரு பலகை: "மீதமாகும் ரத்தம் ஆராய்ச்சிக்குப் பயன்படலாம். விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள்." சீட்டில் 'வேண்டாம்' என்று குறிக்க ஒரு கட்டம். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொன்னால் போதும். என்னைக் கேட்டால் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் சொல்வேன். நம்மில் பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்வோம் என்பது என் நம்பிக்கை. அந்தப் பத்தாவது ஆள் மறுத்தால், அது அவருடைய உரிமை.

அடுத்த முறை லேபில் கை நீட்டும்போது, "மிச்சத்தை என்ன செய்வீர்கள் தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.