திருமண விருந்தின் ஷாம்பெயினும் 57 தொழிலாளர்களும்

செல்வந்தர் இல்லத் திருமணங்களில், விருந்தினர் நெடுநாள் நினைவில் வைத்துப் பேசுபவற்றுள் ஒன்று அங்கே பரிமாறப்பட்ட ஒயின். 2011 ஏப்ரலில் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் திருமண வரவேற்பு பக்கிங்காம் அரண்மனையில் நடைபெற்றபோது, விருந்தினருக்கு எந்த நிறுவனத்தின் ஷாம்பெயின் வழங்கப்பட்டது என்பதைப் பத்திரிகைகள் பெயர் குறிப்பிட்டு எழுதின. திராட்சையைப் பறித்த கைகளுக்கோ இத்தகைய செய்திகளில் இடம் கிடைப்பதில்லை.

பிரான்சின் வடகிழக்கிலுள்ள ஷாம்பெயின் வட்டாரத்தில் விளைந்த திராட்சையிலிருந்து தயாரிக்கப்படும் ஒயினுக்கு மட்டுமே அப்பெயர் உரியது. குலைகளை இயந்திரத்தால் அறுக்கக் கூடாது. பழம் நசுங்காமல், முழுக் குலையாகக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆண்டுதோறும் அறுவடைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பருவகாலத் தொழிலாளர்கள் தேவைப்படுகின்றனர். பழத்துக்குத் தீங்கு நேராமல் காக்கும் அவ்விதி, பறிக்கும் மனிதரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

2023 செப்டம்பரில் கடும் வெப்பத்தினிடையே நடந்த அறுவடையின்போது குறைந்தது நான்கு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே மாதத்தில், மார்ன் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் சோதனையிட்டபோது 57 பேர் மீட்கப்பட்டனர். மாலி, செனகல், மௌரிடானியா, ஐவரி கோஸ்ட் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த அவர்களுள் பெரும்பாலோர் குடியுரிமை ஆவணம் அற்றவர்கள். நல்ல கூலி தருவதாகச் சொல்லி அழைத்துவந்த ஒப்பந்த நிறுவனம், அவர்களைச் சுகாதாரமற்ற கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தது. வயிறார உணவும் தரவில்லை. தமிழ் உழைப்பாளர் தம் வரலாற்றில் நன்கறிந்த கங்காணி முறையின் ஐரோப்பிய வடிவம் இது. 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் இதனை மனிதக் கடத்தல் என்றே தீர்ப்பளித்தது. ஒப்பந்த நிறுவனத்தின் தலைவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதில் ஈராண்டை நிறுத்திவைத்தது. வழக்கில் சிஜிடி தொழிற்சங்கம் பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்றது.

ஆனால் அரசு கற்றுக்கொண்ட பாடம் வேறு. 2024 ஜூலையில் வெளியான அரசாணை, தரச்சான்று விதிப்படி கையால் நடைபெறும் அறுவடைகளில் வாராந்திர ஓய்வு நாளை நிறுத்திவைக்க முதலாளிகளுக்கு வழிதிறந்தது. கையால் பறிக்க வேண்டும் என்னும் விதியே, அந்தக் கைகளின் ஓய்வைப் பறிப்பதற்குக் காரணமாக்கப்பட்டது! மூலதனத்தின் தருக்கம் இதைவிடத் தெளிவாக வெளிப்பட முடியாது.

சட்டத்தை மாற்ற இயலாதென்று சொல்பவர்களுக்கு அதே மண்ணின் வரலாறு விடையளிக்கிறது. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்ற பெயரில் விற்ற வணிகர்களை எதிர்த்து, 1911-இல் மார்ன் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். ஏ நகரில் வணிக நிறுவனங்கள் தாக்கப்பட்டன. அரசு படையை அனுப்பியது. அப்போராட்டத்தின் தொடர்ச்சியாகவே, 1927-இல் ஷாம்பெயின் எல்லையை வரையறுத்த சட்டம் வந்தது. தோட்ட உடைமையாளரின் உரிமை போராட்டத்தால் சட்டமாயிற்று. உடைமையற்ற தொழிலாளியின் கூலி, உறைவிடம், ஓய்வு ஆகியவை அவ்விதிகளில் இடம்பெறுவதும் போராட்டத்தால்தான் நிகழும்.

இக்கோரிக்கை இந்தியாவுக்கும் அந்நியமானதன்று. இறக்குமதி ஒயின் மீதான 150 சதவீதச் சுங்க வரியைக் குறைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நெடுநாள் வற்புறுத்தலாக இருந்தது. 2022-இல் ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட ஒயின்களுக்கு இந்திய அரசு அச்சலுகையை அளித்தும் விட்டது. இந்நாட்டுச் செல்வந்தர்களின் திருமண மேசைக்கு வரும் புட்டியின் விலையைக் குறைக்கப் பேச்சுவார்த்தை நடந்தது; திராட்சை பறிப்பவரின் கூலியை உயர்த்த எந்த மேசையும் போடப்படுவதில்லை. மணமக்களை வாழ்த்தி உயரும் கோப்பையின் மீது உழைப்பாளிக்குப் பகையில்லை. அந்தக் கோப்பையை நிரப்பியவர் மனிதராக வாழும் உரிமையே அவரது கோரிக்கை. அதனைப் பிரெஞ்சுத் தொழிலாளியும் இந்தியத் தொழிலாளியும் ஒரே குரலில் முழங்க வேண்டும்.