53-ன்னா ஒசத்தியா?

செஞ்சியில இப்ப யார் வீடு கட்டினாலும் சிமெண்ட் கடையில சொல்ற முதல் வார்த்தை "53 குடுங்க". சுவருக்கு 53, பூச்சுக்கு 53, நாய்க்குக் கூண்டு கட்டினாலும் 53! பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க இன்னும் மோசம். வெர்ஷன் நம்பர் பெருசா இருந்தா நல்லதாத்தான் இருக்கும்ங்கிற வியாதி.

மக்களே, 53ங்கிறது மார்க் இல்லை. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூணு பங்கு எண்ணூர் மணல் (ஆமாங்க, நாடு முழுக்க சோதனைக்கு நம்ம எண்ணூர் மணல்தான்) கலந்து, சின்ன கட்டியா வார்த்து, 28 நாள் கழிச்சு நசுக்கினா சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டனாவது தாங்கணும். அவ்ளோதான் மேட்டர்.

சுவருக்கு எவ்வளவு வேணும்? 1:6 கலவைகிட்ட இந்தியத் தரநிலை எதிர்பார்க்கிறது 3 நியூட்டன். செங்கல்லோட தரவரிசையே 3.5-ல ஆரம்பிக்குது. செங்கல் நொறுங்கின பிறகு கலவை மட்டும் நின்னு யாருக்கு லாபம்?

என் சித்தப்பா ரிட்டயர்மெண்ட் காசை மொத்தமா கொட்டி வீடு கட்டினார். நான் பிபிசி (ரேடியோ இல்லீங்க, போர்ட்லாண்ட் போசலானா சிமெண்ட்) வாங்கச் சொன்னேன். கடைக்காரர் "அது சாம்பல் கலப்படம் சார்"னு முடிச்சுட்டார். மேஸ்திரி 53-ஐ வாங்கி, 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்'னு 1:4-ல பூசி, மூணே நாள் தண்ணி காட்டினார். 53 வேகமா இறுகும், சூடும் அதிகம் விடும். சிமெண்ட் கூடின கலவை சுருங்கவும் செய்யும். இதுல செஞ்சிப் பாறை வெயில் வேற. ரெண்டே மாசத்துல தெற்குச் சுவர் பூரா ஜில்லா மேப் மாதிரி விரிசல். மறுபூச்சுக்குக் கடன்.

சாம்பல் கலப்படமாம்! 15லேருந்து 35 சதவீதம் வரைக்கும் சாம்பல் சேர்க்கலாம்னு தரநிலையே சொல்லுது. சிமெண்ட் இறுகும்போது வெளிய வர்ற சுண்ணாம்போட அந்தச் சாம்பல் மெதுவா சேர்ந்து கெட்டியாகும். சுண்ணாம்புன்னதும் இளக்காரமா பாக்காதீங்க. போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினதே 1824ல. அதுக்கு ரொம்ப முன்னாடி கட்டின நம்ம கோட்டைக் கல்யாண மஹாலைத்தான் 2025ல யுனெஸ்கோ மத்த கோட்டைகளோட சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டுச்சு. அதுல எந்த கிரேடு சிமெண்டும் இல்லை.

உடனே 'சுண்ணாம்பு அரைக்கச் சொல்றான்'னு கிளம்பிடாதீங்க. முன்வார்ப்புத் தூண், உயர அடுக்குமாடின்னா தாராளமா 53 போடுங்க, இன்ஜினியர் கேட்டா தளத்துக்கும் போடுங்க. சுவருக்கும் பூச்சுக்கும் பிபிசி போதும், பெரும்பாலும் விலையும் குறைவு. மூட்டையில ஐ.எஸ். 1489-ன்னு இருக்கான்னு பாருங்க, தயாரிச்ச வாரத்தையும் பாருங்க, மூணு மாசம் தாண்டினதைத் திருப்பிக் குடுங்க. பிபிசி கொஞ்சம் சோம்பேறி, குறைஞ்சது 10 நாள் ஈரம் காயக்கூடாது, நம்மூர் வெயிலுக்கு 14. மிச்சமாகிற காசுல தண்ணி ஊத்த ஒரு ஆளைப் போடுங்க. மேஸ்திரி மொறைப்பார், கண்டுக்காதீங்க :-)