பூண்டுக்காட்டில் ஒரு கலைச்சொல்

கூக்கால் ஏரியைச் சுற்றிப் படிப்படியாக ஏறும் காடுகளில் விளைவது மலைப்பூண்டு. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் 'புவிசார் குறியீடு' கிடைத்தது. அலுவலக மேசையில் பிறந்த சொல், நீளமும் அதிகம். ஆனாலும் விவசாயி அதைத் தடுமாறாமல் சொல்கிறார். சமவெளிப் பூண்டோடு தன் பூண்டை ஒரே தட்டில் நிறுக்காதே என்று வியாபாரியிடம் வாதாட அது உதவுகிறது.

அதே மலையில் ஏற 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். 'மின்-அனுமதிச் சீட்டு' என்று யாரும் கேட்பதில்லை. 2020 ஊரடங்கே 'இ-பாஸ்' என்பதை நாக்கில் பதித்துவிட்டது. பலகைகளில் 'நெகிழி' தடை செய்யப்பட்டிருக்கிறது, கடைக்காரரோ 'பிளாஸ்டிக்' பைக்கு அபராதம் கட்டுகிறார். நெகிழி நல்ல சொல்தான். பிளாஸ்டிக் குடம் அடுப்படிக்குள் நுழைந்து பல பத்தாண்டுகள் கழித்து வந்ததுதான் அதன் குறை.

புதுச்சொல் என்றதும் தூய்மையா, அழகா என்றே சண்டை போடுகிறோம். 1916-இல் ராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் வைத்த நாளிலிருந்து, வடமொழியா தமிழா என்ற வழக்கு ஓயவில்லை. என் கணிப்பில் சொல்லின் தலையெழுத்தை எழுதுவது வேறு: பொருளோடு கூடவே வந்ததா? அதைச் சொன்னால் யாருக்காவது ஏதாவது கிடைக்கிறதா?

'உழவர் சந்தை' 1999-இல் சந்தையும் பெயருமாகச் சேர்ந்து பிறந்தது. அதற்குப் போட்டியே இல்லை. 'வேட்பாளர்' பிந்தி வந்தும் 'அபேட்சகரை'த் தோற்கடித்தது. மேடையும் சுவரொட்டியும் தேர்தலுக்குத் தேர்தல் அதைச் சுமந்தன. கூடவே, வாக்கு வேட்பவர் என்று கேட்டதுமே பொருளும் விளங்கியது. 'மாற்றுத்திறனாளி' நிலைத்த கதை வேறு. பழைய சொல் அவர்களைக் குத்தியது. புதியதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. 'மிதிவண்டி'க்கு இப்படி உரிமை கொண்டாட யாரும் இல்லை. சைக்கிளும் யாரையும் குத்தவில்லை.

அதற்காகக் குழுக்கள் மட்டுமே சொல் படைக்கின்றன என்று நினைக்க வேண்டாம். போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் கடந்து வந்த காரத்துக்கு, மிளகைத் தெரிந்த யாரோ 'மிளகாய்' என்று பெயர் வைத்தார். என்ன சிக்கனம்! உருளைக்கிழங்கும் அப்படியே, பார்த்ததும் வைத்த பெயர். முட்டைக்கோஸோ பாதி தமிழ், பாதி சீமை. எந்தக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்காது. காரட்டுக்கு அகராதியில் 'மஞ்சள் முள்ளங்கி' உண்டு. கூக்காலில் காரட் பிடுங்கி மூட்டை கட்டுகிறவரிடம் அதைச் சொன்னால், வேறு காய் கேட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்.

குறியீடு வழங்கும் பதிவகம் சென்னையில் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பதிவேட்டில் இந்தப் பயிரை மொழிபெயர்க்கவில்லை. ஆங்கில எழுத்திலேயே 'மலைப்பூண்டு' என்று ஏற்றியிருக்கிறார்கள். புவிசார் குறியீடு மலையேறி வந்தது. பூண்டுக்காட்டுச் சொல் மலையிறங்கிப் போய்ப் பதிவேட்டில் உட்கார்ந்துகொண்டது.